ஒரு மஞ்சள் பேட்ஜ், ஓர் இளஞ்சிவப்புக் கட்டடம்

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் நான் குடியிருந்த பழைய கல் கட்டடத்தின் தரைத்தளத்தில் ஒரு பெரியவர் தனியாக இருந்தார். கிளைடு நதிக்கரைக் கப்பல் தளம் ஒன்றில் வெல்டராக வேலை பார்த்தவர். மாடிப்படியைக் குடியிருப்பவர்கள் முறைவைத்துத் துடைக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். என் முறை வந்ததே தெரியாமல் நான் இரண்டு வாரம் இருந்துவிட்டேன். மூன்றாவது வாரம் அவரே வாளியும் மாப்புமாக வந்து கதவைத் தட்டினார். திட்டத்தான் போகிறார் என்று நினைத்தேன். "சன், உங்கள் ஊரில் மழை தானாகவே படியைக் கழுவிவிடுமோ?" என்று கேட்டார். அந்த ஊர்ப் பெரியவர்கள் இளைஞர்களை 'சன்' என்றுதான் கூப்பிடுவார்கள், நாம் 'தம்பி' என்பதைப் போல. 2013 அக்டோபரில் எங்கள் பழக்கம் இப்படித்தான் தொடங்கியது.

அவர் வீட்டுக் கணப்பு அடுப்பின் மேல்தட்டில் மனைவியின் படம் இருந்தது. படச் சட்டத்தின் மூலையில் ஒரு தகர பேட்ஜைக் குத்தி வைத்திருந்தார். ஓரத்தில் துருவேறிய பேட்ஜ். அதில் மஞ்சள் நிறத்தில் உருண்டையாக ஒரு பொம்மை முகம், காது வரை நீளும் சிரிப்பு. குழந்தைகள் கதையில் வரும் மிஸ்டர் ஹேப்பி. கூடவே மூன்று ஆங்கிலச் சொற்கள்: கிளாஸ்கோஸ் மைல்ஸ் பெட்டர்.

இதை 'கிளாஸ்கோ பல மைல் மேல்' என்று படிக்கலாம். 'கிளாஸ்கோஸ்' என்பதன் கடைசி எழுத்தை அடுத்த சொல்லோடு ஒட்டினால் 'மைல்ஸ்' என்பது 'ஸ்மைல்ஸ்' ஆகிவிடும். அப்போது 'கிளாஸ்கோ இன்னும் நன்றாகச் சிரிக்கிறது' என்று பொருள். நம் அணி இலக்கணத்தில் இதற்குப் பெயரே உண்டு: பிரிமொழிச் சிலேடை. ஒரே சொற்றொடரை வெட்டும் இடத்தை மாற்றி வெட்டினால் வேறொரு பொருள் வர வேண்டும். காளமேகம் பாம்பையும் எள்ளையும் ஒரே வெண்பாவில் அடைத்ததைப் படித்து வளர்ந்தவனுக்கு, ஒரு மாநகராட்சி தன் ஊரையும் அதன் சிரிப்பையும் மூன்று சொல்லில் அடைத்திருப்பதைப் பார்த்ததும் உற்சாகம் தாங்கவில்லை. பெரியவரிடம் இதை விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்கள் புலவருக்கு அவர்கள் எவ்வளவு கொடுத்தார்கள்?" என்றார்.

அந்த வாசகம் பிறந்தது 1983இல். அப்போது கிளாஸ்கோ என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவு வந்தவை சவரக்கத்திக் கும்பல்கள், குடி, புகை படிந்து கறுத்த கட்டடங்கள், வேலையில்லாமல் மூலையில் நிற்கும் ஆண்கள். ஒரு காலத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த ஊர் அது. கப்பல் தளங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட, மக்களும் வெளியேறிக்கொண்டிருந்தார்கள். நகரத் தந்தையாக இருந்த மைக்கேல் கெல்லி, 'ஐ லவ் நியூயார்க்' விளம்பரம் திவாலாகும் நிலையில் இருந்த ஒரு ஊரின் பெயரைத் தூக்கி நிறுத்தியதைக் கவனித்திருந்தார். தமக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று விரும்பினார். ஜான் ஸ்ட்ரதர்ஸ் என்ற உள்ளூர் விளம்பரக்காரர் இந்த வரியோடு வந்தார். அந்த ஆண்டே பரல் கலைச் சேகரிப்பு என்ற அருங்காட்சியகமும் திறக்கப்பட்டதால், காட்டுவதற்கு ஊரில் உண்மையாகவே ஒன்று இருந்தது.

இந்த விளம்பரத்தைத் தங்கள் பேருந்துகளில் ஒட்ட ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோ மறுத்துவிட்டது. கிளாஸ்கோவுக்கு அதைவிடப் பெரிய விளம்பரம் வேறு என்ன வேண்டும்! இரண்டு ஊருக்கும் நடுவே ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது, பகைக்கு மட்டும் பல நூற்றாண்டு வயது. பெரியவரின் மனைவி அந்த பேட்ஜைக் கோட்டில் குத்திக்கொண்டு, ஒரு வேலையும் இல்லாமல் எடின்பரோவுக்குப் போய், முதன்மைக் கடைத்தெருவில் மேலும் கீழும் நடந்துவிட்டு, ஒரு தேநீர்கூடக் குடிக்காமல் திரும்பி வந்தாராம். "அங்கே விலை அதிகம்" என்பது அவர் சொன்ன காரணம்.

"உங்களுக்கு அந்த வாசகம் பிடித்திருந்ததா?" என்று கேட்டேன்.

"பல மைல் மேல் என்றார்கள். எதைவிட மேல் என்று யாரும் சொல்லவில்லை. நேற்றைவிட மேல் என்று நான் எடுத்துக்கொண்டேன். ஆனால் சன், அந்த நேற்றில் எனக்கு வேலை இருந்தது."

நகரங்களின் விளம்பர வாசகங்களைப் பற்றி எங்கு பேச்சு வந்தாலும் கிளாஸ்கோவைத்தான் வெற்றிக்கு உதாரணமாகக் காட்டுவார்கள். 1988இல் தோட்டத் திருவிழா, 1990இல் ஐரோப்பாவின் பண்பாட்டு நகரம் என்ற பட்டம், பிறகு வந்த சுற்றுலாப் பயணிகள் என்று ஒரு கோடு போட்டுக் காட்டுவார்கள். கோடு பொய்யில்லை. ஆனால் அந்தக் கோட்டுக்குக் கீழே நின்றவர்கள் அப்போதே எதிர்த்துப் பேசியிருக்கிறார்கள். நகரின் நடுவே இருந்த பழைய கிடங்குப் பகுதிக்கு 'வணிகர் நகரம்' என்று பெயர் சூட்டி அடுக்குமாடி வீடுகளும் உணவகங்களும் கொண்டுவந்தபோது, எழுத்தாளர்களும் தொழிலாளர்களும் சேர்ந்த ஒரு குழு தனக்கு 'தொழிலாளர் நகரம்' என்று பெயர் வைத்துக்கொண்டது. அந்த வணிகர்கள் யார் என்பது அவர்களின் கேள்வி. புகையிலையிலும் சர்க்கரையிலும் பணம் சேர்த்தவர்கள் அவர்கள், அந்தப் பணத்தின் அடியில் அடிமைகளின் உழைப்பு இருந்தது. புக்கனன், கிளாஸ்ஃபோர்ட் என்று அந்தக் குடும்பப் பெயர்கள் இன்னும் தெருப் பலகைகளில் இருக்கின்றன. ஊர்ப்புறத்தில் பெரும் குடியிருப்புத் திட்டங்களில் தள்ளப்பட்டிருந்தவர்களின் வீட்டுச் சுவரில் ஈரம் ஏறிக்கொண்டிருக்க, நடு ஊரில் ஆபரா இசை நாடகத்துக்கு விளக்குப் போட்டார்கள். இந்த எதிர்ப்பு இல்லாமல் அந்த வாசகத்தின் கதையைச் சொல்வது பாதிக் கதை என்பது என் எண்ணம்.

கிளாஸ்கோக்காரர்கள் தங்கள் ஊரைப் பற்றி யார் எதைப் பெருமையாகச் சொன்னாலும் பதில் சொல்லாமல் விடமாட்டார்கள். இது விளம்பர நிறுவனங்கள் வருவதற்கு முன்பே இருந்த குணம். 1866இல் ஊருக்கு அதிகாரபூர்வச் சின்னம் கிடைத்தது. ஊரின் காவல் புனிதரான மங்கோவின் அற்புதங்களைக் குறிக்கும் பறவை, மரம், மணி, மீன் நான்கும் அதில் இருக்கின்றன. 'கிளாஸ்கோ செழிக்கட்டும்' என்பது அதன் வாசகம். முழு வாக்கியத்தில் 'இறைவா, உம் வார்த்தையைப் போதிப்பதால் கிளாஸ்கோ செழிக்கட்டும்' என்று இருந்ததைப் பின்னால் வெட்டிவிட்டார்கள். கடவுளைக் கழற்றிவிட்டுச் செழிப்பை மட்டும் வைத்துக்கொண்டார்கள் என்று பெரியவர் சிரிப்பார். அந்தச் சின்னத்தைப் பற்றிப் பள்ளிக் குழந்தைக்கும் தெரிந்த பாட்டு ஒன்று உண்டு: பறக்கவே பறக்காத பறவை, வளரவே வளராத மரம், ஒலிக்கவே ஒலிக்காத மணி, நீந்தவே நீந்தாத மீன். சொந்த ஊர்ச் சின்னத்தை இப்படிக் கேலி செய்யும் பாட்டைக் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் ஊர் வேறு எங்கும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

மஞ்சள் பொம்மைக்குப் பிறகு வந்த வாசகங்களை வேகமாகக் கடந்துவிடலாம், ஊரும் அப்படித்தான் கடந்தது. 2004இல் வந்த 'கிளாஸ்கோ: நாகரிகமான ஸ்காட்லாந்து' என்ற பொருள்படும் வரி அவற்றில் எனக்கு மிகவும் எரிச்சல் தருவது. கடைத்தெருவுக்கும் துணிக்கடைக்கும் பொருந்தும், மனிதருக்குப் பொருந்தாது. பெரியவருக்கு அது நினைவிலேயே இல்லை. ஆனால் கிளாஸ்கோ பெயரைத் தாங்கிய பிரெஸ்ட்விக் விமான நிலையம் தன் சுவரில் எழுதி வைத்த 'பியூர் டெட் பிரில்லியன்ட்' நினைவிருந்தது. அது கிளாஸ்கோத் தெருப்பேச்சு, 'சும்மா அட்டகாசம்' என்பதைப் போல. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'சுத்தமாகச் செத்த அருமை' என்று வரும். விமானம் ஏறப் போகிறவன் கண்முன்னே 'செத்த' என்ற சொல்லா என்று ஒரு தரப்பு. எங்கள் பேச்சை எழுதி எங்களையே கோமாளி ஆக்குகிறார்கள் என்று இன்னொரு தரப்பு. அந்த விமான நிலையம் ஊரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்பது மூன்றாவது குறை. பெரியவருக்கு அந்த மூன்றாவதுதான் முக்கியம்.

நான் போய்ச் சேர்ந்த இலையுதிர் காலத்தில் ஊரே ஒரு கூம்புக்காகக் கொதித்துக்கொண்டிருந்தது. நவீனக் கலைக் காட்சியகத்தின் வாசலில் வெலிங்டன் பிரபு குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறார். 1844இல் வைத்த சிலை. அவர் தலையில் சாலைப் பணிக்கு வைக்கும் ஆரஞ்சு நிறக் கூம்பு ஒன்று எப்போதும் கவிழ்ந்திருக்கும். இரவில் குடித்துவிட்டு வரும் இளைஞர்கள் ஏறி வைப்பார்கள், மாநகராட்சி எடுக்கும், மறுநாள் மறுபடியும் இருக்கும். பல ஆண்டுகளாக இப்படி. ஒவ்வொரு முறை எடுக்கவும் 100 பவுண்டு ஆகிறது என்று கணக்குக் காட்டி, சிலையைச் சீரமைத்துப் பீடத்தையும் இரட்டிப்பு உயரமாக்கும் 65,000 பவுண்டுத் திட்டம் ஒன்றை 2013 நவம்பரில் கொண்டுவந்தார்கள். ஒரே நாளில் 10,000 பேருக்கு மேல் எதிர்ப்பு மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். திட்டம் கைவிடப்பட்டது. நானும் கையெழுத்துப் போட்டேன். ஊருக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது, ஆனாலும் அந்த விஷயத்தில் எனக்குக் கருத்து இருந்தது. கவனித்தால், விளம்பரத்துக்கென்று யாரும் ஒரு பென்னிகூடச் செலவிடாத அந்தக் கூம்புதான் இன்று அஞ்சலட்டைகளிலும் காந்தப் பொம்மைகளிலும் கிளாஸ்கோவாக விற்கிறது.

அதே 2013இல்தான் புதிய வாசகமும் வந்திருந்தது. மறு ஆண்டு காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி நடக்க இருந்தது. இந்தமுறை விளம்பரக்காரரைக் கேட்காமல், 'கிளாஸ்கோவைச் சிறந்த ஊராக்குவது எது?' என்று பொதுமக்களையே கேட்டார்கள். வந்த பதில்களைக் கூட்டிப் பார்த்தால் எல்லோரும் சொன்னது ஒன்றுதான். ஊர்க்காரர்கள். அதனால் 'பீப்பிள் மேக் கிளாஸ்கோ'.

இதைத் தமிழில் சொல்லிப் பார்த்தேன். 'மக்களே கிளாஸ்கோ' என்றால் கட்சிக் கூட்டம் போல இருக்கிறது. 'கிளாஸ்கோவை ஆக்குவது மக்கள்' என்பது கிட்டே வருகிறது. நமக்கு ஆக்குவது என்றால் சமைப்பதும்கூட. சோறு ஆக்குவதைப் போல ஊரையும் ஆக்குகிறார்கள். பதம் தவறினால் குழைந்தும் போகலாம்.

நகரின் நடுவே உள்ள ஜார்ஜ் சதுக்கத்திலிருந்து வடக்கே ஏறும் தெருவில் 1960களில் எழுந்த பதினான்கு மாடிக் கல்லூரிக் கட்டடம் ஒன்று இருக்கிறது. மெட் டவர் என்பார்கள். அதன் பக்கவாட்டுச் சுவர் முழுவதையும் கண்ணைப் பறிக்கும் இளஞ்சிவப்புத் துணியால் போர்த்தி இந்த வாசகத்தை எழுதிவிட்டார்கள். ஊரின் சாம்பல் வானத்துக்கு எதிரே அந்த நிறம் ஒரு திருமணப் பந்தலைப் போலத் தெரியும். தூரத்திலிருந்தே கண்ணில் பட்டது அதுதான். உள்ளே போய்ப் பார்க்கலாமென்று ஒரு நாள் கிட்டே நடந்தேன். கதவில் சங்கிலி. கல்லூரி வேறு இடத்துக்குப் போய்விட்டிருந்தது. மக்கள்தான் ஊர் என்று எழுதிய கட்டடத்துக்குள் ஓர் ஆள் இல்லை. இதைப் பெரியவரிடம் பெரிய கண்டுபிடிப்பைப் போலச் சொன்னேன். ஊரில் எல்லோரும் அதைச் சொல்லி முடித்தாகிவிட்டது என்றார்.

2014 ஏப்ரலில் காமன்வெல்த் போட்டி அமைப்பாளர்கள் ஓர் அறிவிப்பு வெளியிட்டார்கள். ஊரின் வடக்கே ரெட் ரோடு என்ற இடத்தில் 30 மாடி அளவுக்கு உயர்ந்த குடியிருப்புக் கட்டடங்கள் நின்றன. இடிக்க முடிவான அவற்றில் ஐந்தைத் தொடக்க விழாவின்போது வெடி வைத்துத் தகர்ப்பார்கள், அந்தக் காட்சி மைதானத்தின் பெருந்திரையிலும் உலகத் தொலைக்காட்சிகளிலும் நேரலையாக ஓடும். பழைய கிளாஸ்கோ விழுந்து புதிய கிளாஸ்கோ எழுவதன் அடையாளமாம். பக்கத்திலேயே அப்போதைக்கு இடிக்காமல் விடப்போகும் ஆறாவது கட்டடத்தில் அடைக்கலம் தேடி வந்த அகதிகள் குடியிருந்தார்கள் என்பது அந்த அடையாளத்தில் இடம்பெறவில்லை.

அந்த வாரம் பேருந்து நிறுத்தத்தில், ரொட்டிக் கடையில், நான் பகுதிநேரமாக வேலை பார்த்த சமையலறையில் எங்கும் இதே பேச்சு. என்னோடு பாத்திரம் கழுவிய ஒரு பெண் ரெட் ரோட்டில் பிறந்து வளர்ந்தவர். கைகளைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "லிஃப்ட் வேலை செய்யாது. ஜன்னல் வழியே காற்று ஊளையிடும். இடிக்கட்டும், எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் என் அம்மா செத்தது இருபத்திரண்டாவது மாடியில். கை தட்டிக்கொண்டு அதைப் பார்க்க இவர்கள் யார்?" 17,000க்கும் மேற்பட்டோர் எதிர்ப்பு மனுவில் கையெழுத்திட்டார்கள். பத்து நாளில் அறிவிப்பைத் திரும்பப் பெற்றார்கள். பாதுகாப்புக் காரணம் என்றார்கள், மன்னிப்பு என்ற சொல் அகப்படவில்லை.

2015 அக்டோபரில் அந்தக் கட்டடங்களைத் தகர்த்தபோது இரண்டு முழுதாக விழாமல் இடுப்பளவில் நின்றுவிட்டன. பெரியவர் தொலைக்காட்சியைக் காட்டி, "இதையா உலகத்துக்கு நேரலையில் காட்ட இருந்தார்கள்?" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததே இல்லை.

அந்த டிசம்பரில் நான் ஊர் திரும்பிவிட்டேன். பிறகு அந்த ஊரை எட்ட இருந்தே பார்த்தேன். வழிந்து கிடக்கும் குப்பைத் தொட்டியின் படத்துக்குக் கீழே 'பீப்பிள் மேக் கிளாஸ்கோ', நடைபாதைப் பள்ளத்தில் தேங்கிய மழைநீருக்குக் கீழே 'பீப்பிள் மேக் கிளாஸ்கோ' என்று பழைய நண்பர்கள் அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். 2021இல் பருவநிலை மாநாட்டுக்கு உலகத் தலைவர்கள் வர இருந்த நேரத்தில் குப்பையும் எலியும் பெரிய பேச்சானது. ஊருக்குக் கொஞ்சம் ஒப்பனை போட்டால் போதும் என்ற பொருளில் மாநகராட்சித் தலைவர் சொன்ன சொல்லை ஊர் பல மாதம் விடவில்லை. மாநாடு தொடங்கியதும் துப்புரவுப் பணியாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். குப்பை அள்ளுகிறவர்களும் மக்கள்தானே என்று அந்த வாசகத்தையே அவர்கள் பக்கமும் திருப்பிப் பிடித்தார்கள் சிலர்.

அதே ஆண்டு மே 13. திருச்சியில் முழு ஊரடங்கு. ஆம்புலன்ஸ் சத்தம் கேட்காத மணி நேரம் இல்லை. அன்று மதியம் கிளாஸ்கோ நண்பன் ஒருவன் ஒரு காணொளியை அனுப்பினான். பார்த்ததும் தெருவை அடையாளம் தெரிந்துகொண்டேன். பொல்லாக்‌ஷீல்ட்ஸ் பகுதியின் கென்மியூர் தெரு. அங்கிருந்து இரண்டு திருப்பம் தள்ளித்தான் நான் குடியிருந்தேன். ஆல்பர்ட் டிரைவ் மளிகைக் கடையில் கறிவேப்பிலையும் வெண்டைக்காயும் வாங்கிக்கொண்டு அந்த வழியாகத்தான் வருவேன். அன்று ஈத் பெருநாள். காலையில் குடியேற்றத் துறையின் வேன் ஒன்று வந்து, அந்தத் தெருவில் வாழ்ந்த இந்தியர்கள் இருவரைப் பிடித்து உள்ளே ஏற்றியிருந்தது. ஒரு மனிதர் வேனுக்கு அடியில் புகுந்து படுத்துக்கொண்டார். அக்கம்பக்கத்தார் வந்து வேனைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பத்துப் பேர் ஐம்பதாகி, நூறாகி, பல நூறானார்கள். "இவர்கள் எங்கள் அண்டை வீட்டார், விட்டுவிடுங்கள்" என்பதுதான் முழக்கம். சுமார் எட்டு மணி நேரம் வேன் நகரவில்லை. மாலையில் போலீசார் இருவரையும் விடுவித்தார்கள். பின்கதவு திறந்து அவர்கள் இறங்கியபோது எழுந்த சத்தம் என் கைப்பேசியின் சின்ன ஒலிபெருக்கியில் கரகரத்தது.

அன்று இரவு அந்த மூன்று சொற்களும் மறுபடி எங்கும் தெரிந்தன. இந்தமுறை அவற்றுக்கு மேலே குப்பைத் தொட்டி இல்லை. கேலி இல்லாமல் அந்த வாசகத்தைக் கிளாஸ்கோக்காரர்கள் எழுதி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதற்கு மாநகராட்சி ஒரு பவுண்டு செலவழிக்கவில்லை. இளஞ்சிவப்புத் துணியும் தேவைப்படவில்லை.

பெரியவரை அழைத்தேன். வயது எழுபத்தைந்தைத் தாண்டியிருந்தது. தொற்றுக் காலத்தில் வெளியே போகக் கூடாது என்று மகள் கண்டித்து வைத்திருந்தாள்.

"போனீர்களா?" என்று கேட்டேன்.

"படியைத் துடைக்கலாமென்று கதவைத் திறந்தேன், சன். தெருவில் சத்தம் கேட்டது. என்ன என்று பார்க்கப் போனேன்." சற்று நிறுத்தினார். "முழங்கால் போய்விட்டது. கல் தரையில் ஐந்து மணி நேரம் யாரால் உட்கார முடியும்? என் மனைவியின் பேட்ஜைக் குத்திக்கொண்டு போயிருந்தேன். எந்த நிருபரும் படம் எடுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு சின்னப் பெண்தான், அது என்ன மஞ்சள் முகம் என்று கேட்டாள்."

"என்ன சொன்னீர்கள்?"

"எடின்பரோக்காரர்களுக்குப் பிடிக்காத ஒன்று என்றேன். உடனே, எனக்கும் ஒன்று கிடைக்குமா என்று கேட்டாள்."